ரவைச் சல்லடை முதல் லென்ஸ் வரை: ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

தூத்துக்குடிக் கரையில் ஒதுங்கிய மணலைச் சலித்து, குருணை அளவே உள்ள கடல் நத்தைகளின் வெற்று ஓடுகளை இனம் பிரிக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. பாதி வேலை உங்களுடையது.

முதல் நன்றி, சங்கு குளித்து ஓய்ந்த அண்ணாச்சிக்கு. ஊசிபோல் இருந்த ஓர் ஓட்டை உள்ளங்கையில் உருட்டி, "தம்பி, இது வலம்புரில்லா!" என்றார். அதுவரை என் கண்ணில் அது படவே இல்லை. ட்ரைஃபோரிடே குடும்பத்தில் அநேகமாக எல்லாமே அப்படித்தான். நுனியை மேலேயும் வாயை நம்மைப் பார்த்தும் வைத்துப் பிடித்தால், வாய் இடப்பக்கம் வரும். நாம் சங்கை நுனி கீழே இருக்கப் பிடித்துப் பார்ப்பதால் அது வலம்புரி; அறிவியல் நூல்களில் அதற்கே இடச்சுற்று என்று பேர்! அச்சு அசல் இதே சாயலில், இதைப் போலவே கடற்பஞ்சைத் தின்னும் செரித்தியாப்சிடே குடும்பத்துக்கு வாய் வலப்பக்கம். சங்கில் ஒரு வலம்புரி கிடைத்தால் ஊரே கூடும். என்னிடம் டப்பா நிறைய இருக்கிறது, ஒரு டீக்குக்கூடத் தேறாது.

லென்ஸைக் கடன் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத நகைப்பட்டறை ஆசாரிக்கும், "நுனியைப் பார், மற்றதெல்லாம் அப்புறம்" என்ற பேராசிரியருக்கும் அடுத்த நன்றி. நுனி என்பது நத்தை குஞ்சாக இருந்தபோது கட்டிய ஓடு. அதில் சின்னச் சின்னதாகப் பல சுற்று இருந்தால், குஞ்சு நெடுநாள் கடலில் மிதந்து தின்று வளர்ந்தது. ஓரிரு சுற்றோடு குமிழ்போல் தடித்திருந்தால், பொரிந்ததுமே ஊர்ந்தது, இல்லையென்றால் கொஞ்ச காலமே தின்னாமல் மிதந்தது. பிரமிடெல்லிடே குடும்பத்தில் இந்த நுனி, தொப்பியைக் கோணலாக வைத்ததுபோல் சாய்ந்து எதிர்த்திசையில் சுற்றியிருக்கும். பார்த்தால் மற்றக் கடல் நத்தைகளைப் போலத்தான் இருக்கிறது; உறவோ தோட்டத்து நத்தையோடு.

இது தெரியாமல், முதல் நாற்பது ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். பாதிக்கு நுனி போய்விட்டது, இனம் சொல்ல வழியில்லை. பேராசிரியர் திட்டவில்லை. ஓவியர்கள் வைத்திருக்கும் மெல்லிய தூரிகை ஒன்றைத் தந்தார். முனையை ஈரமாக்கித் தொட்டால் போதும், ஓடு ஒட்டிக்கொண்டு வரும்.

வெறும் கேப்ஸ்யூல் கூடுகளைக் கொடுத்த மருந்துக்கடை அக்காவுக்கும் நன்றி. ஒரு கூட்டில் ஓர் ஓடு, கூடவே ஒரு துண்டுச் சீட்டு. எந்த வியாதிக்கு என்று கேட்டீர்கள். அன்று சிரித்து மழுப்பினேன், இதுதான் அந்த வியாதி.

அம்மா, உங்கள் ரவைச் சல்லடை இனிச் சமையலுக்கு ஆகாது. புதிதாக ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.