நன்றி மடல்: அப்பாவின் கொட்டிலில் உங்களுக்கொரு வெங்காயப் பிடி

அன்பான ஊரவர்களுக்கும் உறவுகளுக்கும்,

அப்பா எங்களை விட்டுப் போய், அவரின் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது. அஸ்தி கரைக்கக் கீரிமலைக் கடலுக்குப் போய்வந்து, வீட்டுக்கிருத்தியமும் செய்து, எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஒருத்தரையும் விடாமல் எழுது தம்பி" என்றார். அதுதான் எழுதுகிறேன்.

அன்று இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு வாய் கோணி வலது கை விழுந்தபோது, சேட்டும் போடாமல் ஓடிவந்து ஓட்டோவை எடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு முதல் நன்றி. இன்றுவரை அவன் ஒரு சதமும் வாங்கவில்லை. ஒன்பது நாளும் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் புரட்டிப் பார்த்த வாட்டுத் தாதியருக்கும் பணியாளருக்கும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு தாதித் தங்கை அப்பாவின் விரல்களை வெந்நீரில் துடைத்துக்கொண்டே, நக இடுக்கில் இருக்கும் சிவப்பு ஏன் போகுதில்லை என்று கேட்டார். "அது ஐம்பது வருசத்து மண் பிள்ளை, விடுங்கோ" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அந்தக் கையை இன்னும் மெதுவாகத்தான் பிடித்தது.

உரும்பிராய்ச் செம்மண் அது. சொந்தமாக ஆறு பரப்புக் காணி, மிச்சம் குத்தகை. வெங்காயமும் புகையிலையும் போட்டு நான்கு பிள்ளைகளை அப்பா வளர்த்தார். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. காலையில் மட்டும் தண்ணி இறைக்கிற மிசினை ஓட்டி, பின்னேர இறைப்பைக் கிணற்றுத் துலாவுக்கு மாற்றினார். அப்படி மிச்சம் பிடித்த எண்ணெய்தான் எங்கள் ஜாம்போத்தல் விளக்கில் எரிந்தது. அக்கா அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஆசிரியை ஆனா. துலாக் கயிறு இழுத்த கை இரவில் எரியும்போது அப்பா தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, நாங்கள் சத்தமாகப் படிப்பதைக் கேட்டபடி திண்ணையில் இருப்பார். என்ன பாடம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சத்தம் நின்றால் மட்டும் எட்டிப் பார்ப்பார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது, சைக்கிள் கரியரில் அப்பாச்சியையும் பாரில் தங்கச்சியையும் இருத்தி, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். மட்டுவிலில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் தலைவாசலை எங்களுக்கு ஒதுக்கித் தந்தது. அடுத்த சித்திரையில் ஊர் திரும்பி, முதல் போகம் கிண்டியதும் அப்பா செய்த முதல் வேலை, வெங்காயத்தை நல்ல பிடிகளாகப் பார்த்துக் கட்டி, சோதனைச் சாவடிகளில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிக் காட்டி, அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான். பாதை திறந்திருந்த ஒவ்வொரு வருடமும் போனார். அந்த மட்டுவில் அக்கா இப்போது கண் தெரியாமல், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு செத்தவீட்டுக்கு வந்து அப்பாவின் கால்மாட்டில் இருந்து அழுதாவே, அதை நாங்கள் மறக்க மாட்டோம்.

பந்தல் போட்ட ஊர்ப் பொடியளுக்கும், தேவாரம் படித்த ஐயாவுக்கும், எட்டுச்செலவு வரை எங்கள் அடுப்பை மூட்டவிடாமல் சோறும் தேத்தண்ணியும் கொண்டுவந்த ஒழுங்கை வீடுகளுக்கும், வெளிநாடுகளில் இருந்து விடிய விடியப் பேசிய சொந்தங்களுக்கும் நன்றி. அப்பாவின் அஸ்தியைக் கீரிமலைக்குக் கொண்டுபோக வான் ஒழுங்கு செய்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில் அப்பப்பா போனபோது அந்தப் பக்கம் கால்வைக்க முடியாமல் வேறு கடலில் கரைத்ததை அப்பா கடைசிவரை சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டவர்.

அப்பாவின் வாயில் 'நன்றி' என்ற சொல்லை நாங்கள் கேட்டதில்லை. யாராவது உதவினால் இரண்டு நாளில் அவர்கள் படலையில் போய் நிற்பார், கையில் வெங்காயமோ வாழைக்குலையோ இருக்கும். அப்படிப்பட்டவருக்காக இந்தக் கடதாசி மட்டும் போதாதென்று அம்மா நினைக்கிறார். விழுவதற்கு முதல் வாரம் அப்பா கட்டிய பிடிகள் இன்னும் கொட்டில் வளையில் தொங்குகின்றன. அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்கு ஒவ்வொன்று கொடுத்தோம். வர முடியாதவர்களுக்கும் எண்ணி எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த நடுகைக்கு முன் ஒருக்கால் வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
அம்மா, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்
உரும்பிராய்