முப்பத்தெட்டாம் வாரத் தணிக்கை

கோயம்புத்தூர்
28-05-2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். மாத்திரைகளை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். அம்மாவிடம் தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டியதில்லை.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய் என்பதாலும், உள்ளாட்சி நிதித் தணிக்கையில் 32 ஆண்டுகள் இருந்தவனுக்கு எழுத்தில் வைக்காத தணிக்கைத் தடை (ஆட்சேபம்) தடையே அல்ல என்பதாலும் கடிதமாக எழுதுகிறேன். இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்துச் செயலியில் அணி அமைத்து, மைதானத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் ஃபேண்டசி பிரீமியர் லீக் விளையாட்டில், நம் குடும்பத்துக்குள் நடத்தும் மினி லீக்கில் இந்த ஆண்டு நான் 3 புள்ளி வித்தியாசத்தில் முதலிடம் பெற்றதாகச் செயலியின் பட்டியல் காட்டுகிறது. அந்தப் பட்டியலை நான் ஏற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை இருந்த நிலையிலிருந்து தொடங்குகிறேன். 37 வாரங்கள் முடிந்திருந்தன. நீ 2,391 புள்ளிகள், நான் 2,380. மற்ற ஏழு பேரும் எட்ட முடியாத தூரத்தில் பின்தங்கியிருந்தார்கள். உன் சித்தப்பா ஜனவரிக்குப் பிறகு அணியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அவருடைய பெஞ்சை, அதாவது மாற்று ஆட்டக்காரர்களைப் பார்த்தாலே தெரியும். ஆக, போட்டி உனக்கும் எனக்கும்தான். உன்னைவிடக் குறைந்தது 12 புள்ளிகள் கூடுதலாக எடுத்தால்தான் எனக்கு முதலிடம்.

ஃபேண்டசி பிரீமியர் லீக்கின் கடைசி வாரம் மற்ற வாரங்களைப் போன்றதல்ல என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். மற்ற வாரங்களில் வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று சிதறிக் கிடக்கும் பத்து ஆட்டங்களும் அன்று ஒரே நேரத்தில், நம் கணக்கில் இரவு எட்டரைக்குத் தொடங்கும். அதற்கு 90 நிமிடங்களுக்கு முன், ஏழு மணிக்கே, அணியை மாற்றும் கெடு முடிந்துவிடும். சேர்த்துவைத்த இலவச மாற்றங்கள் அத்துடன் காலாவதியாகிவிடும். கையிருப்பில் வைத்திருக்கும் பணத்துக்கும் மறுநாள் மதிப்பில்லை. அரசு அலுவலகங்களில் மார்ச் 31 வந்தால் செலவாகாத நிதியைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று அடித்துப்பிடித்துச் செலவழிப்பார்களே, அதே நிலைதான் இங்கும். இன்னொன்றையும் நீயே சொல்லியிருக்கிறாய்: முன்னால் இருப்பவர் புதிதாக எதையும் முயலக் கூடாது, துரத்துபவர் செய்வதையே தானும் செய்தால் போதும். உன்னிடமும் லிவர்பூலின் சாலா, என்னிடமும் சாலா. கேப்டனின் புள்ளி இரட்டிக்கும்; இருவரும் அவரையே கேப்டனாக்கினால் அவர் எத்தனை கோல் போட்டாலும் நமக்குள் வித்தியாசம் ஏற்படாது. 11 புள்ளி முன்னணியில் நீ நிம்மதியாக இருக்கலாம். அதனால்தான் நான் உன்னிடம் இல்லாத ஓர் ஆளைத் தேடி, பிரெண்ட்ஃபோர்டின் எம்பூமோவை வாங்கினேன். சாலாவைக் கேப்டனாக்கினேன். அதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

அன்று இரவு இங்கே நல்ல மழை. முந்தின நாள்தான் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கியிருந்தது. நம் மாவட்டத்துக்கும் நீலகிரிக்கும் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். ஒன்பது மணிவாக்கில் மின்சாரம் நின்றது. அதற்குள் எம்பூமோ ஒரு கோல் போட்டிருந்தார். நடுக்கள ஆட்டக்காரர் என்பதால் கோலுக்கு 5. மின்சாரம் போன பிறகு, அம்மா ஏற்றிவைத்த மெழுகுவர்த்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் எண்கள் மாறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தைப் பார்க்காமல் அதன் கணக்கை மட்டும் பார்ப்பது எனக்குப் பழக்கமான வேலைதான். எத்தனையோ பாலங்களையும் பள்ளிக் கட்டடங்களையும் நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

முதல் பாதி முடியும் தறுவாயில் என் கோல்கீப்பர், ஆஸ்டன் வில்லாவின் மார்டினெஸ், மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் அந்த அணியின் ஹோய்லண்டைக் கீழே தள்ளிச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். 3 புள்ளிகள் கழிந்தன. அதோடு விடவில்லை. வெளியேற்றப்பட்டவரின் அணி பிறகு வாங்கும் கோல்களும் அவர் பெயரிலேயே ஏறும் என்பது விதி. மான்செஸ்டர் யுனைடெட் இரண்டாம் பாதியில் இரண்டு கோல் போட்டதும் இன்னும் ஒரு புள்ளி போனது. குளித்துவிட்டு உடைமாற்றி உட்கார்ந்திருக்கும் மனிதரின் கணக்கில் தண்டம் எழுதுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இதற்கிடையில் செல்சீயின் கோல்வில் நாட்டிங்காமில் ஒரு கோல் போட்டார். தடுப்பாட்டக்காரருக்குக் கோலுக்கு 6, எதிரணி கோல் போடாததற்கு 4, ஆடியதற்கு 2. அவரை வைத்திருந்தது நம் குடும்பத்திலேயே சிங்கப்பூரில் இருக்கும் உன் அண்ணன் ஒருவன்தான். அவனுக்கு அதனால் ஆறாம் இடம் ஐந்தாம் இடமானது, அவ்வளவுதான்.

பத்து மணியைத் தாண்டிய பிறகு, 84-ஆம் நிமிடத்தில், சாலா சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராகச் சமன்செய்தார். அது இந்தப் பருவத்தில் அவருடைய 29-ஆவது கோல். 18 கோல்களுக்கு உதவியும் செய்திருக்கிறார். ஆண்டு முழுவதுக்குமாக 344 ஃபேண்டசி புள்ளிகள். 2017–18 பருவத்தில் அவரே எடுத்த 303-தான் அதுவரை உச்சம். அந்தக் கோலைப் பார்த்து நான் மகிழவில்லை. நமக்குள் அது எதையும் மாற்றப்போவதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் பட்டியல் புதுப்பிக்கப்பட்டபோது நான் மேலே இருந்தேன். இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தேன். அம்மாவையும் பார்க்கச் சொன்னேன்.

நீ உடனே அழைத்தாய். வாழ்த்தினாய். பின்னணியில் ஒரே ஆரவாரம். உங்கள் நியூகாசில் அன்று சொந்த மைதானத்தில் எவர்ட்டனிடம் 0–1 என்று தோற்றிருந்தாலும், ஆஸ்டன் வில்லாவும் தோற்றதால் இரண்டு அணிகளும் 66 புள்ளிகளில் சமமாக நின்று, கோல் வித்தியாசத்தில் நியூகாசிலுக்கு ஐந்தாம் இடமும் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் கிடைத்திருந்தன. தோற்றவர்கள் கொண்டாடிக்கொண்டிருக்கும் ஊரிலிருந்து பேசியதால், உன் குரலில் ஏமாற்றமே இல்லாததை நான் அப்போது கவனிக்கவில்லை.

திங்கள்கிழமை காலை, காப்பி குடித்துவிட்டு, பழக்கம் காரணமாக ஒவ்வொருவருடைய அணியையும் திறந்து பார்த்தேன். உன் அணியில் நான் கண்டது இது.

மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்டை விற்று லெஸ்டரின் ஜேமி வார்டியை வாங்கியிருக்கிறாய். அதனால் மிஞ்சிய ஏறத்தாழ 9 மில்லியன் பவுண்டு செலவாகாமல் கையிருப்பில் கிடக்கிறது. உன்னிடம் மூன்று இலவச மாற்றங்கள் இருந்தன, ஒன்றைத்தான் பயன்படுத்தினாய். ஆண்டு முழுவதும் கால் மில்லியனுக்கு என்னிடம் ஆலோசனை கேட்ட பெண், பணம் செல்லாக்காசாகப்போகும் கடைசி நாளில் 9 மில்லியனைச் சும்மா போட்டுவைத்தது ஏன்? இது முதல் தடை.

வார்டியையே கேப்டனாக்கினாய். கேட்டதற்கு, "விடைபெறுகிற மனுஷனுக்கு ஒரு மரியாதை, அப்பா" என்றாய். வார்டி மே 18-ஆம் தேதியே விடைபெற்றுவிட்டார். இப்ஸ்விச்சுக்கு எதிராக, சொந்த ஊரில், லெஸ்டருக்காக 500-ஆவது ஆட்டத்தில் 200-ஆவது கோலைப் போட்டு முடித்துக்கொண்டார். போர்ன்மவுத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்தில் அவர் இறங்கமாட்டார் என்பது கோயம்புத்தூரில் சாய்வு நாற்காலியில் கிடக்கும் எனக்கே தெரிந்திருந்தது. அந்த நாட்டிலேயே இருக்கும் உனக்குத் தெரியாமல் இருக்குமா?

இருந்தாலும், கேப்டன் ஆடாவிட்டால் இரட்டைப் புள்ளி துணைக் கேப்டனுக்குப் போய்விடும். ஆகஸ்டிலிருந்து உன் கேப்டன் பட்டை பெரும்பாலும் சாலாவிடமே இருந்தது. அவரைக் கேப்டனாக்காத ஒன்றிரண்டு வாரங்களில்கூடத் துணைக் கேப்டன் பட்டையை நீ வேறு எவருக்கும் கொடுத்ததில்லை. ஞாயிறன்று அதை ஆர்சனலின் காப்ரியேலுக்குக் கொடுத்திருக்கிறாய். அவர் ஏப்ரல் தொடக்கத்தில் பின்தொடைத் தசை கிழிந்து அறுவைச் சிகிச்சைக்குப் போனவர். அன்றுமுதல் உன் பெஞ்சின் கடைசியில் இருந்தவர். பெஞ்சில் இருப்பவருக்குப் பட்டையைக் கொடுக்க முடியாது என்பதால், அவரை முதல் பதினொருவரில் ஏற்றி, அதற்காக நல்ல ஆள் ஒருவரைப் பெஞ்சுக்கு அனுப்பியும் இருக்கிறாய். காப்ரியேல் ஆடாததால், ஆடாதவருக்குப் பதில் பெஞ்சில் இருப்பவரைச் செயலியே இறக்கும் தானியங்கி மாற்றில் அந்த ஆள் திரும்பி வந்துவிட்டார் என்பது வேறு விஷயம். அதில் உனக்கு நட்டமில்லை. நட்டம், இரட்டைப் புள்ளி எவருக்கும் சேராமல் காற்றில் போனதில்தான்.

ஒரு தவறு மட்டும் இருந்தால் அதைக் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடுவோம். முதல் தவறு திருந்திவிடாதபடி இரண்டாவது தவறு வந்து முட்டுக்கொடுத்தால், அதற்குக் கவனக்குறைவு என்ற பெயரை எங்கள் துறையில் யாரும் கொடுத்ததில்லை. நீ வேண்டுமென்றே தோற்றிருக்கிறாய், மகளே.

ஏன் என்பதும் எனக்குத் தெரியும். மார்ச்சில் எனக்கு ஸ்டென்ட் வைத்தபோது உனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நீ வரவில்லை என்று நானும் அம்மாவும் ஒரு சொல் சொன்னதில்லை, நினைத்ததும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் பேச்சில், "அப்பா, நீங்க ஜெயிச்சுடுவீங்க பாருங்க" என்ற வார்த்தை வந்துகொண்டே இருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு செவிலியர் திட்டத் திட்ட நான் அணியை மாற்றியதை அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த நாட்களில் எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை என்பது உண்மை. ஆனால் மனம் இதில் ஓடியதற்குக் காரணம், எதிரே நீ முழு மூச்சாக ஆடிக்கொண்டிருந்தாய் என்பதுதான். நீ விட்டுக்கொடுப்பாய் என்று தெரிந்திருந்தால் அந்தக் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு உறங்கியிருப்பேன்.

உனக்கு ஒன்பது வயது இருக்கும். காரம்போர்டில் நீ தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஒரு மாலையில், நான் ஸ்டிரைக்கரை வேண்டுமென்றே குழிக்குள் விட்டேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். போர்டைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டு, பவுடர் படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாய். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. நான் கவிழ்ப்பதற்குப் போர்டு இல்லாததால் கடிதம் எழுதுகிறேன்.

இப்போது திருத்திய கணக்கு. ஹாலண்ட் ஃபுல்ஹாமுக்கு எதிராகப் பெனால்டியில் கோல் போட்டார்: ஆடியதற்கு 2, கோலுக்கு 4, ஆக 6. சாலாவுக்கு இரட்டிப்பால் வந்திருக்க வேண்டிய கூடுதல், குறைந்தது 7. போனஸ் புள்ளிகளை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் உன் பக்கம் இன்னும் கூடுமே தவிரக் குறையாது. இந்த 13-இலிருந்து, வார்டிக்குப் பதிலாக பெஞ்சிலிருந்து இறங்கியவர் எடுத்த 2-ஐக் கழித்தால் 11. என்னுடைய முன்னணி 3. எனவே நீ அணியைத் தொடாமல் விட்டிருந்தாலே குறைந்தது 8 புள்ளி வித்தியாசத்தில் வென்றிருப்பாய். இந்தக் கணக்கை நம் குடும்பக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். உன் சித்தப்பா மட்டும், அப்படியானால் தான் எத்தனையாவது இடம் என்று கேட்டிருக்கிறார்.

நேற்று மாலை பாட்டியின் எவர்சில்வர் சொம்பை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். போன ஆண்டு வென்ற உன் அண்ணன் பெயருக்குக் கீழே, உன் பெயரையும் 2024–25 என்றும் வெட்டச் சொன்னேன். கடைக்காரர் ஒருமுறை எழுத்துக்கூட்டிக் காட்டச் சொன்னார், காட்டினேன். பெரியமாமா ஜூன் இரண்டாம் வாரம் லண்டன் வருகிறார். சொம்புக்குள் பருப்புப் பொடி கட்டி அம்மா அவர் பெட்டியில் வைத்திருக்கிறாள். பரிசுப் பணம் நாலாயிரத்து ஐந்நூறை உன் கணக்குக்கு மாற்றிவிட்டேன். வந்து சேர்ந்ததும் தெரிவி.

ஆகஸ்டில் புதிய பருவம் தொடங்கும்போது லீக் எண்ணை எனக்கு முதலில் அனுப்பு. இந்த முறை மார்டினெஸை நான் வாங்கப்போவதில்லை.

அன்புடன்,
அப்பா