2 வருட வாரண்டி என்று சொல்லி விற்ற புல்வெட்டும் மெஷினுக்குப் பேட்டரி மாற்றித் தர மறுப்பது குறித்த புகார்

அனுப்புநர்
வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 40 வோல்ட் புல்வெட்டும் மெஷினின் பேட்டரி பழுது, வாரண்டி மறுப்பு.

ஐயா / அம்மையீர்,

கோத்தகிரியில் நானும் என் தங்கையும் சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்கு ஒரு சின்ன வீடு நடத்துகிறோம். வீட்டுக்கு முன்னால் 5 சென்ட் புல்தரை இருக்கிறது. பெட்ரோல் மெஷினின் சத்தமும் புகையும் தங்குகிறவர்களுக்குத் தொந்தரவாக இருந்ததால், உங்கள் பேட்டரி மெஷினை 28,500 ரூபாய் கொடுத்து வாங்கினோம். ஒரு வருடம்கூட நிரம்பவில்லை, மெஷின் மூலையில் கிடக்கிறது.

ஒரு முறை சார்ஜ் செய்தால் 300 சதுர மீட்டர் வெட்டலாம் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் தரை ஏறக்குறைய 200 சதுர மீட்டர்தான். முதலில் சொன்னபடியே ஓடியது, அதை மறுக்கவில்லை. இப்போது சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்த பிறகு எடுத்து மாட்டினாலும், நாலு பட்டை ஓட்டுவதற்குள் சட்டென்று நின்றுவிடுகிறது.

கோயம்புத்தூரில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்த டெக்னீஷியன் பொறுமையானவர். தங்களிடம் இருந்த வேறு பேட்டரியை மாட்டி ஓட்டிக் காட்டினார். மோட்டார், பிளேடு எதிலும் குறையில்லை. பிறகு எங்கள் பேட்டரியைத் திறந்து மீட்டர் வைத்து அளந்தார். உள்ளே வரிசையாக 10 ஜோடி லித்தியம் செல்கள். 9 ஜோடிகளில் 4 வோல்ட்டுக்கு மேல் இருக்க, ஒன்றில் மட்டும் 3 வோல்ட்தான் இருந்தது. அந்த ஒரு ஜோடி சரிந்ததும் பாதுகாப்பு சர்க்யூட் மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடுகிறது என்று விளக்கினார். எல்லா செல்லும் ஒரே மாதிரி உழைத்துத் தேய்ந்திருந்தால் எல்லாமே சேர்ந்துதான் இறங்கியிருக்கும். ஒரு ஜோடி மட்டும் இறங்கியதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?

ஆனால் கவுண்டரில் கிடைத்த பதில் வேறு. "மெஷினுக்குத்தான் மேடம் 2 வருடம். பேட்டரிக்கு 6 மாதம். தண்ணீர் பட்டிருக்கும், சரியாக வைத்திருக்க மாட்டீர்கள்" என்றார்கள். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. எங்கள் ஊரின் கிக்கூயு புல் மெத்தை மாதிரி அடர்ந்து வளரும், ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் மோட்டார் திணறும். அதனால் உயரத்தை ஏற்றி வைத்து, நுனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல்தான் வெட்டுவோம். ஈரப் புல்லில் ஓட்டுவதில்லை. வேலை முடிந்ததும் சாவியையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அடிப்பக்கத்தை பிரஷ்ஷால் தேய்ப்போம், ஹோஸ் பிடிப்பதே இல்லை. பிளேடைச் சாணை பிடித்துத்தான் மாட்டுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மெஷினுக்கு வேலை இல்லாதபோது, உங்கள் கையேட்டில் சொன்னபடி பேட்டரியைப் பாதி சார்ஜில் அலமாரியில் வைத்திருந்தோம். தண்ணீர் பட்ட அடையாளம் எதுவும் இல்லை என்று டெக்னீஷியனே சொன்னார். அதை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொன்னால் மட்டும் மறுக்கிறார்கள்.

சரி, 6 மாதம் என்று எங்கே சொல்லியிருக்கிறீர்கள்? பெட்டியின் நாலு பக்கமும் "2 வருட வாரண்டி" பெரிய எழுத்தில் இருக்கிறது. பேட்டரிக்கு 6 மாதம் என்பது, பணம் கட்டி பெட்டியைப் பிரித்த பிறகு கையில் கிடைக்கும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பேட்டரி மெஷினில் பேட்டரியை விட்டுவிட்டு வாரண்டி என்றால் அதற்கு என்ன பொருள்? முக்கிய விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்றுதான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கருதுகிறது.

காசு கொடுத்தாவது வாங்கிக்கொள்கிறோம் என்றோம். விலை 14,000 ரூபாய், அதுவும் இப்போது ஸ்டாக் இல்லையாம். புது மாடலின் பேட்டரி இதில் பொருந்தாது, ஆஃபரில் புது மெஷினே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நன்றாக ஓடும் மோட்டாரையும் தேயாத சக்கரங்களையும் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறீர்கள். பழைய பேட்டரியை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "நீங்களே எங்காவது கொடுத்துவிடுங்கள்" என்று பதில். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உங்களுடையது. லித்தியம் பேட்டரியை இந்த மலையில் குப்பையோடு குப்பையாகப் போட எங்களுக்கு மனம் வராது.

ஆகவே, பேட்டரியைக் கட்டணம் இல்லாமல் மாற்றித் தர வேண்டும். இந்த மாடலுக்குப் பேட்டரி தயாரிப்பதையே நிறுத்திவிட்டீர்கள் என்றால் அதை எழுத்தில் சொல்லிவிட்டு மெஷினின் முழு விலையைத் திருப்பித் தாருங்கள். பழைய பேட்டரியை சர்வீஸ் சென்டரிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பேட்டரிக்கு எத்தனை மாத வாரண்டி என்பதை இனிமேலாவது பெட்டியின் வெளியிலேயே அச்சிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட் ஆகியவற்றின் நகல்களையும் பெட்டியின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.