ஒரு துணைக்காலுக்கு நன்றி

பழைய நூல்களை எழுத்தாக்கி இணையத்தில் சேர்க்கிற விக்கிமூலம் அன்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நடந்த கூத்து நம் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடிக்கு வந்து போகிற எல்லோருக்கும் தெரியும். மறுபடி விவரிக்க வெட்கமாக இருக்கிறது. நேற்று இரவு பதினொரு மணிக்குக் கடைசிப் பக்கமும் சரியானது. தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முப்பத்தொரு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவன், சிவப்பு மை ஊறிய கை. பழைய நூல் ஒன்றுக்கு மெய்ப்பு பார்க்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, நூலாசிரியர் 'கோர்ட்டு' என்று எழுதியதை 'நீதிமன்றம்' ஆக்கினேன். 'உத்தியோகஸ்தர்' அலுவலர் ஆனார். விட்டுப்போன ஒற்றெல்லாம் போட்டேன். அச்சில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது எனக்கு உறைப்பதற்குள் 37 பக்கங்களை, மெய்ப்பு முடிந்தது என்று குறித்து, மஞ்சளாக்கியிருந்தேன்.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். வந்தது ஓர் அறிவிப்பு. யாரோ ஒருவர் என் திருத்தம் ஒன்றுக்கு நன்றி சொல்லியிருந்தார். அந்த 37 பக்கத்தில் எதற்கு நன்றி? திறந்து பார்த்தேன். 41ஆம் பக்கம். ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கிற கணினி எழுத்துணரி 'மரம்' என்பதை 'மாம்' என்று படித்து வைத்திருந்தது. ரகரத்தைத் துணைக்கால் என்று நினைத்துவிட்டது. அதை நான் சரிசெய்திருந்தேன், அவ்வளவுதான். பின்னாலேயே என் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு: "ஐயா, இந்தத் துணைக்கால் என் கண்ணில் இரண்டு முறை தப்பியது. நீங்கள் பிடித்துவிட்டீர்கள்."

அதற்கு அப்புறம்தான் கோர்ட்டு விவகாரத்துக்கே வந்தார். அதுவும் எப்படி? ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பழைய நிலைக்கு மீளமைத்து, ஸ்கேனையும் எழுத்தையும் வரிவரியாக ஒப்பிட்டு, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் யானைத் தும்பிக்கை போல் கொம்பு வைத்த லை, ளை எல்லாம் எழுத்துணரியை எப்படித் தடுமாற வைக்கும் என்று சொல்லிவிட்டு, "மீதியை நீங்களே பாருங்கள், அவசரமில்லை. பழைய வடிவம் எல்லாம் வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது" என்று போய்விட்டார். நினைத்திருந்தால் எல்லாவற்றையும் அவரே பத்து நிமிடத்தில் மீளமைத்திருக்கலாம். நானும் கணினியை மூடிவிட்டு நடைப்பயிற்சிக்குப் போயிருப்பேன், திரும்பி வந்திருக்க மாட்டேன். தம்பி, நீங்கள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. தம்பி என்றது பொருந்தாவிட்டால் மன்னியுங்கள்.

எத்தனையோ ஆயிரம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். சரியாக எழுதிய வரிக்குப் பக்கத்தில் எதையாவது எழுதினேனா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். மதிப்பெண் போட்டேன், அது வேறு.

முதல் நாளே 'வாருங்கள்' என்று வரவேற்புச் செய்தி வைத்தவருக்கும், நாலு அலைக்குறி போட்டால் கையொப்பம் தானே விழும் என்று சொன்னவருக்கும், எழுதிப் பழகுகிற மணல்தொட்டிப் பக்கத்தில் நான் அடித்த கூத்தைக் கண்டும் காணாமல் விட்டவர்களுக்கும், தமிழ்99 விசைப்பலகையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த என் பேத்திக்கும் சேர்த்து நன்றி. பேத்தி இதைப் படிக்க மாட்டாள், இருந்தாலும்.

இப்போது தினமும் காலையில் அண்மைய மாற்றங்கள் பட்டியலைப் பார்க்கிறேன். புதிதாக வந்த ஒருவர் நேற்று ஒரு கட்டுரை நூலில் பத்திகளை எல்லாம் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தார். கை பரபரத்தது. முதலில் அவர் சரியாகச் செய்தது எது என்று தேடினேன். அடிக்குறிப்பு ஒன்று அழகாக வந்திருந்தது. நன்றிப் பொத்தானை அழுத்தினேன். பத்திகளைப் பற்றி இன்று சாயங்காலம் எழுத வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை. என் பக்கங்கள் இப்போது ஒழுங்கான மஞ்சளில் நிற்கின்றன. இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சை, என் மஞ்சளை நானே பச்சையாக்க முடியாதே. நேரம் கிடைக்கிறவர்கள் 58ஆம் பக்கத்திலிருந்து பாருங்கள். அங்கே ஒரு 'ளை' எனக்கு இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது.