பேரனின் விண்ணப்பப் பட்டியல் குறித்து

திருச்சி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

நீ அனுப்பிய எக்ஸெல் தாளை மூன்று நாட்களாக எதிரில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பன்னிரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே, பேரனுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று ஓர் எண். முப்பது ஆண்டுகள் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்தவன் என்பதால் என் கருத்தைக் கேட்டிருக்கிறாய். அந்த எண்களில் ஒன்று தவறு, மற்றவை பெரும்பாலும் எந்த ஆதாரமும் இல்லாதவை என்பதே என் கருத்து.

தவறான எண்ணை முதலில் சொல்கிறேன். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிரே 100 என்று எழுதியிருக்கிறாய். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன ஆண்டு கிடைத்ததை வைத்து எழுதினாய் என்று நினைக்கிறேன். பள்ளியின் தரவரிசையில் முதல் 10 விழுக்காட்டில் வரும் மாணவர்களுக்கு உங்கள் டெக்சாஸ் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்ற சட்டம் 1997-இல் வந்தது. 2009-இல் அதைத் திருத்தி, ஆஸ்டின் மட்டும் தன் டெக்சாஸ் மாணவர் இடங்களில் 75 விழுக்காட்டுக்கு மேல் இந்த வழியில் நிரப்ப வேண்டியதில்லை என்று அனுமதித்தார்கள். விண்ணப்பங்கள் பெருகப் பெருக ஆஸ்டினில் அந்த 10 விழுக்காட்டு வரம்பு சுருங்கியது. சில ஆண்டுகளாக 6 விழுக்காடாக இருந்தது, 2026-இல் சேருபவர்களுக்கு 5 ஆகிவிட்டது. அவன் பள்ளியில் அந்த வகுப்பில் மொத்தம் 900 பேர், அவன் ரேங்க் 52. பழைய வரம்பு 54-ஆவது ரேங்க் வரை, புதிய வரம்பு 45 வரை. ஏழு இடங்களில் தவறியிருக்கிறான். பதினோராம் வகுப்பு முடிவில் நின்ற ரேங்க்கைத்தான் பார்ப்பார்கள் என்பதால் இனி அதை மாற்றவும் வழியில்லை. விண்ணப்பிக்கத் தடையில்லை; ஆனால் மீதமுள்ள சிறிய பங்குக்குத்தான் அவன் போட்டியிட வேண்டும், அதிலும் அவன் கேட்பது கம்ப்யூட்டர் சயின்ஸ். வரம்புக்குள் வந்தவர்களுக்கே அந்தப் பாடப்பிரிவு உறுதியில்லை.

இனி, ஹார்வர்டுக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் எதிரே கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வில் 1540 என்பதை வைத்து 15 என்று போட்டிருக்கிறாய். ஆசிய மாணவர்களிடம் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது போட்ட வழக்கில் வெளிவந்த விவரங்களைப் படித்தேன். 2015-இல் சேருவதற்கு விண்ணப்பித்த உள்நாட்டு மாணவர்களில் 3,400-க்கும் மேற்பட்டோர் எஸ்ஏடி கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். பள்ளி மதிப்பெண்களில் ஒரு குறையும் இல்லாதவர்கள் 8,000-க்கும் மேல். அனுமதி கிடைத்ததோ மொத்தமே ஏறத்தாழ 2,000 பேருக்கு. நல்ல மதிப்பெண் விண்ணப்பக் கோப்பைப் படிக்கவைக்கும், அதற்கு மேல் அது எதையும் தீர்மானிப்பதில்லை. 2024-இல் 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேருக்கு அங்கே இடம் கிடைத்தது. நூற்றுக்கு நான்குகூட இல்லை. அந்தச் சராசரிக்குள்ளேயே, விளையாட்டுக்கென்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அங்கே படித்தவர்களின் பிள்ளைகளும் அடக்கம். அவர்களுக்குக் கிடைக்கும் விகிதம் மிக அதிகம் என்பதும் அந்த வழக்கிலேயே வெளிவந்தது. ஆகவே நம் பையனைப் போன்றவனுக்கு அந்த நான்கும் கூடுதலான மதிப்பீடுதான்.

ஒவ்வொன்றிலும் 4 விழுக்காடு என்றாலும், பத்து இடங்களுக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். பெருக்கல் சரி. ஆனால் அந்தக் கணக்கு, பத்து முடிவுகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே வாய்க்கால் தண்ணீரை நம்பிய பத்து விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துவிட்டு, எல்லாரும் ஒரே ஆண்டில் தவணை தவற மாட்டார்கள் என்று எந்த மேலாளரும் எழுத மாட்டார். பத்துக் கல்லூரிக்கும் போவது ஒரே மதிப்பெண் பட்டியல், ஒரே பரிந்துரைக் கடிதங்கள், ஒரே கட்டுரை. அதில் குறையிருந்தால் பத்து இடத்திலும் அதே குறைதான்.

பெர்க்லிக்கு எதிரேயும் எஸ்ஏடி மதிப்பெண்ணை எழுதியிருக்கிறாய். பெர்க்லி சேர்ந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அனுமதியில் அதைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடியோ 2022-இல் அதை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணம் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று அவர்களே குறித்திருப்பார்கள். பன்னிரண்டுக்கும் அதைத் தேடிப் படி. அனுமதியில் மாணவரின் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற 2023 ஜூன் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நம் பிள்ளைகளுக்கு எளிதாகிவிட்டது என்று உன் தோழிகள் சொல்வதை நம்பி எதையும் கூட்டாதே. அடுத்த ஆண்டு ஆசிய மாணவர்களின் பங்கு எம்ஐடியில் 47 விழுக்காடாக உயர்ந்தது, யேலில் 30-லிருந்து 24-ஆகக் குறைந்தது.

கடன் கேட்டவரின் கணக்கேடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நான் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பார்க்காமல் கையெழுத்திட்டதில்லை. போன ஆண்டு அங்கே இருந்த ஆறு மாதங்களில் நம் பையனையும் அப்படித்தான் பார்த்தேன். சனிக்கிழமைகளில் நூலகத்தில் முதியவர்களுக்குப் போனும் கம்ப்யூட்டரும் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கிறானே, அவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். இரண்டு நோட்டு நிறைந்துவிட்டது. விண்ணப்பத்தில் பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாடுகளுக்கு உள்ள பத்து இடங்களில் வயலினும் விவாத மன்றமும் ரோபோட்டிக்ஸும் இருக்கின்றன, நூலகம் இல்லை. யாரும் சொல்லாமல் அவனாகச் செய்வது அது ஒன்றுதான் அம்மா. 650 சொற்களில் எழுத வேண்டிய கட்டுரைக்கு வேறு பொருள் தேட வேண்டாம். இதனால் எத்தனை விழுக்காடு கூடும் என்று என்னைக் கேட்காதே, அதை எண்ணாகச் சொல்ல யாராலும் முடியாது.

விழுக்காட்டுப் பத்தியை நீக்கிவிட்டு, தாளை உறுதியான இடத்திலிருந்து தொடங்கி எழுது. டாலஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு 10 விழுக்காட்டு விதி பொருந்தும், அங்கே அவனுக்கு இடம் உறுதி. கடைசி வரியில் சாம்பல் நிறத்தில் போட்டிருக்கும் அதை முதல் வரிக்குக் கொண்டு வா. ஒரு நாள் அவனோடு போய் வகுப்புகளைப் பார்த்து, அங்கே நான்கு ஆண்டுகள் மகிழ்ச்சியாகப் படிக்க முடியுமா என்று அவனிடமே கேள். அதற்கு அடுத்த வரிகளில் ஆஸ்டின், ஹூஸ்டனில் உள்ள ரைஸ் போன்றவை. ஹார்வர்டு போல உச்சியில் உள்ளவற்றில், அவன் காரணம் சொல்லக்கூடிய நான்கு போதும்.

ஆஸ்டினுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் கெடு அக்டோபர் 15. வரம்பு 5 ஆனதும் தான் ஏழு இடத்தில் தவறியதும் அவனுக்கு இன்னும் தெரியாது என்று உன் கடிதத்திலிருந்து புரிந்துகொண்டேன். பள்ளியில் யாரோ சொல்லிக் கேட்கும்படி விட்டுவிடாதே. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து சொல்லுங்கள். அங்கே ஒன்பதரை என்றால் இங்கே இரவு எட்டு மணி. சொன்ன பிறகு போனை அவனிடம் கொடு, நான் காத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா