ஜூடித் மர்ரேயின் கடிதங்களைப் படிக்க உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

அமெரிக்க அரசியல் சிந்தனையில் பெண்கள் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. அதன் முன்பக்கத்தில் அரைப்பக்க நன்றியுரை இருக்கிறது. அது பல்கலைக்கழகத்துக்காக எழுதியது, இது உங்களுக்காக.

முதலில் என் நெறியாளருக்கு. ஜெபர்சன், மாடிசன், ஹாமில்டன் என்று அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களாக நான் கொண்டுபோன பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவங்க வீட்டுப் பெண்கள் யாரும் யோசிக்கவே இல்லையா?" என்று கேட்டவர் அவர். அரசியல் நூல்களில் கிடைக்காததைக் கடிதங்களிலும் மனுக்களிலும் பத்திரிகைகளிலும் தேடச் சொன்னார். புதிய சட்டங்களை எழுதும்போது பெண்களை மறந்துவிட வேண்டாம் என்று 1776 மார்ச்சில் அபிகேல் ஆடம்ஸ் தன் கணவரும் பின்னாள் அமெரிக்க அதிபருமான ஜான் ஆடம்ஸுக்கு எழுதியதும், அவர் அதைச் சிரித்துத் தள்ளியதும் பலருக்குத் தெரிந்த கதை. அதோடு நிற்காமல் என்னை அதே காலத்து எழுத்தாளர் ஜூடித் சார்ஜென்ட் மர்ரேயிடம் அனுப்பியவரும் நெறியாளர்தான்.

மர்ரே மாசசூசெட்ஸின் குளோஸ்டர் ஊர்க்காரர். ஆணும் பெண்ணும் அறிவில் சமம் என்று வாதிடும் அவருடைய கட்டுரை 1790இல் வெளிவந்தது. ஆங்கிலேய எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் பெண்ணுரிமை பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலுக்கு இரண்டு ஆண்டு முன்னால்! இரண்டு வயதுப் பையனுக்கு அதே வயதுப் பெண்குழந்தையைவிட விவேகம் அதிகம் என்று யாராவது சொல்வார்களா என்று அதில் கேட்கிறார். அப்புறம் வரும் வித்தியாசமெல்லாம் படிப்பு கொடுத்ததும் கொடுக்காததும்தான் என்பது அவர் வாதம். 1798இல் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டபோது ஓர் ஆண் பேசுவது போன்ற குரலில்தான் பெரும்பகுதியை எழுதியிருந்தார். அந்தத் தந்திரத்தைப் பற்றி மட்டுமே என் ஆய்வேட்டில் ஓர் இயல் உண்டு.

தான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் மர்ரே நகல் எழுதி வைத்தார். அவை அழிந்துபோயின என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1984இல் கார்டன் கிப்சன் என்ற போதகர் மிசிசிப்பியின் நாட்செஸ் ஊரில் ஒரு பழைய மாளிகையில் அவற்றைக் கண்டுபிடித்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் தேடிப் போகாமல் இருந்திருந்தால் என் ஆய்வே இல்லை. அவருக்கும் இங்கே ஒரு வணக்கம்.

ஜாக்சன் நகரிலுள்ள மிசிசிப்பி மாநில ஆவணக் காப்பக ஊழியர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! மைக்ரோஃபிலிமில், அதாவது தாள்களைச் சிறிதாகப் படமெடுத்த சுருளில், மை ஊறிய பக்கங்களை வைத்துக்கொண்டு நான் விழித்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினீர்கள். அந்தக் காலத்து நீள 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். அது பழகும்வரை என்னைச் சகித்துக்கொண்டதற்குத் தனி நன்றி.

எங்கள் வாசிப்புக் குழுவில் என்னோடு அதிகம் சண்டை போட்ட தோழிக்கு அடுத்த நன்றி. "அந்தக் கடிதங்கள் யாருடைய வீட்டில் கிடைத்தன?" என்று கேட்டாள். மர்ரே கடைசிக் காலத்தில் மகளோடு நாட்செஸுக்குப் போய் 1820இல் அங்கேயே இறந்தார். மருமகனுடையது பெருந்தோட்ட முதலாளிக் குடும்பம், அடிமைகளை வைத்திருந்த குடும்பம். பெண்ணின் அறிவுக்காக அவ்வளவு வாதாடியவரின் தாள்கள் அடிமை உழைப்பில் எழுந்த வீட்டில் பிழைத்திருக்கின்றன. இந்த உண்மையைப் பின்குறிப்பில் ஒதுக்க அவள் விடவில்லை. 1832இல் பாஸ்டனில் ஆண்களும் பெண்களும் கலந்த சபையில் பேசிய கறுப்பினப் பெண் மரியா ஸ்டூவர்ட் என் ஆய்வுக்குள் வந்தது அந்தச் சண்டையால்தான். என் கணிப்பில் ஆய்வேட்டின் நல்ல இயல் அதுதான்.

சட்டம் படித்த நண்பர் நியூ ஜெர்சி மாநிலத்தின் பழைய ஓட்டுரிமை விதியைப் புரியவைத்தார். 1776இல் அங்கே ஐம்பது பவுண்டு சொத்துள்ளவர்களுக்கு ஓட்டு என்று விதி. ஆண் என்று எழுதவில்லை. கல்யாணமானவளின் சொத்து கணவனுடையது என்பதால் விதவைகளும் மணமாகாதவர்களும்தான் ஓட்டுப் போட்டார்கள். 1807இல் அதையும் பறித்தார்கள்.

வீட்டில் அத்தைக்கு நன்றி. நான் ஊர் ஊராக ஆவணம் தேடிய நாட்களில் பேரனைப் பார்த்துக்கொண்டவர் அவர். என் கணவருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அச்சிட்ட பிரதி வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். மரியா ஸ்டூவர்ட் இயலை முதலில் படியுங்கள்; தோழியைப் போலச் சண்டைக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் என் செலவு.