வழிப்பறி வழக்கும் எதிரியின் மௌனமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழிப்பறி வழக்கு மேல்முறையீடுகள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, எதிரி (நீதிமன்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்) கடைசிவரை வாய் திறக்காததே அவர்மீதான குற்றத்தை உறுதிசெய்துவிட்டது என்கிற தொனியில் முடிந்திருந்தது. சட்டம் அப்படி இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3). இந்தப் பாதுகாப்பு காவல் நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிரி தானே எழுதிக் கொடுத்துக் கேட்டால் மட்டுமே கூண்டேறிச் சாட்சி சொல்லலாம். ஏறாவிட்டால் அதைப் பற்றி அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ ஒரு வார்த்தை பேசக் கூடாது (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 315, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 353).

மேல்முறையீட்டில் முதலில் புரட்ட வேண்டியது 313 கேள்வித்தாளை, அதாவது தனக்கெதிரான சாட்சியங்களுக்கு விளக்கம் தருமாறு நீதிபதி எதிரியிடம் கேட்கும் கேள்விகளை. புதிய எண் 351 என்றாலும் நீதிமன்ற வளாகங்களில் இன்னும் '313 கேள்வி'தான். இதற்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தாலும் பொய் சொன்னாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது. கோளாறு பெரும்பாலும் கேள்வியில்தான் இருக்கும். "அ.சா.1 முதல் 4 வரை உமக்கெதிராகச் சாட்சியம் அளித்துள்ளனர், என்ன சொல்கிறீர்?" (அ.சா. என்றால் அரசுத் தரப்புச் சாட்சி) என்று மொத்தமாக ஒரு கேள்வி, "பொய்" என்று ஒரு பதில், அடுத்த பக்கம். இப்படி மூட்டையாகக் கட்டிக் கேட்பது செல்லாது என்று 1951இலேயே தாரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நகை யாரிடமிருந்து, எங்கே, எந்த அத்தாட்சியின்படி (கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதிய ஆவணம்) கைப்பற்றப்பட்டது? அடையாள அணிவகுப்பில் (சந்தேக நபரைப் பலரோடு நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வது) காட்டியது யார்? கத்தியைக் காட்டியது எந்த எதிரி? ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். கத்தி பற்றிய கேள்வியை விட்டுவிடுவது சின்ன விஷயமல்ல. கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு (பழைய இந்திய தண்டனைச் சட்டம் 397, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 311). கூட நின்றவருக்கு அது பொருந்தாது.

கேட்காமல் விட்ட சங்கதியை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பது 1984 சரத் பிர்திசந்த் சர்தா வழக்கின் முடிவு. ஆனால் 'கேட்கவில்லை' என்று சொன்னால் மட்டும் விடுதலை கிடைத்துவிடாது. அதனால் எதிரிக்குப் பாதகம் நேர்ந்ததைக் காட்ட வேண்டும். உயர் நீதிமன்றம் எதிரியின் வழக்கறிஞரிடமே விளக்கம் கேட்கலாம், விடுபட்ட கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லி வழக்கைத் திருப்பியும் அனுப்பலாம். எனவே இந்த வாதத்தைக் காலம் கடத்தாமல் முதல் மேல்முறையீட்டிலேயே எழுப்பிவிட வேண்டும். அதே சமயம், 1995இல் நடந்த கொலை தொடர்பான ராஜ்குமார் வழக்கில், இத்தனை வருடம் கழித்துத் திருப்பி அனுப்புவதில் அர்த்தமில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் விடுதலையே செய்தது.

மௌனம் உண்மையிலேயே எதிரியைப் பாதிக்கும் இடம் வேறு. களவு போன பொருள் சிறிது காலத்துக்குள் ஒருவர் கையில் இருந்தால், அது எப்படி வந்தது என்று அவர் கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திருடியவர் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவர் என நீதிமன்றம் அனுமானிக்கலாம் (பழைய சாட்சியச் சட்டம் 114, உதாரணம் அ, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 119). 'சிறிது காலம்' பொருளைப் பொறுத்தது. 1983இல் ஏரபத்ரப்பா வழக்கில் நகைகளுக்கும் பட்டுப் புடவைகளுக்கும் ஓராண்டு இடைவெளிகூட அதிகமில்லை என்றார்கள். கைக்குக் கை மாறும் செல்போனுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

அந்த அனுமானத்துக்கு முன்பு அரசுத் தரப்பு செய்ய வேண்டியது நிறைய உண்டு. இது அந்தச் சங்கிலிதான் என்பதை எடை, வேலைப்பாடு, உரிமையாளரின் அடையாளம் இவற்றால் நிரூபிக்க வேண்டும். அடகுக் கடையில் மீட்டதென்றால் கடைக்காரரும் பதிவேடும் கூண்டுக்கு வர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் போலீசார் எழுதிய பக்கம் பக்கமான ஒப்புதல் வாக்குமூலத்தில், பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய வரி மட்டுமே ஏற்கத்தக்கது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன கோட்டய்யா வழக்கில் 1946இல் பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்தில் லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு அமைப்பு) போட்ட கோடு அது. 'இன்னாரை மிரட்டிப் பறித்தேன்' என்ற பகுதியை விசாரணை நீதிமன்றம் படித்துவிட்டு, பிறகு எதிரி ஏன் மறுக்கவில்லை என்று கேட்பது பின்வாசல் வழி.

அடையாள அணிவகுப்புக்கு வர மறுத்தாலும் எதிரிக்குப் பாதகமான அனுமானம் எழலாம். ஆனால் அதற்கு முன்பே போலீசார் அவரைச் சாட்சிகளுக்குக் காட்டியிருந்தாலோ, முகம் தெரியும் படம் பத்திரிகையில் வந்திருந்தாலோ அந்த மறுப்பு நியாயமானது. கைதானவரை வரிசையில் நிறுத்தி எடுத்த படத்தைக் காவல் துறை அனுப்பும்போது, அணிவகுப்பு முடிந்துவிட்டதா என்று தங்கள் நிருபர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வெளியிடலாம்.

இப்படிக்கு,
ஒரு குற்றவியல் வழக்கறிஞர்,
மதுரை